நீரும் நானும்

எங்கள் பிரஸ்ஸில் வருஷக் கடைசி என்றால் வாக்குத்தத்த அட்டைதான். நவம்பர் பாதியிலேயே ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் ஒரு ஷீட்டுக்கு 24 அட்டை. அடித்து, லேமினேஷன் போட்டு, கட்டிங் மெஷினில் கொடுத்தால் சீட்டுக்கட்டு மாதிரி வந்து விழும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் 12 மணி அடித்து ஜெபம் முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். இந்த வருஷத்துக்கு ஆண்டவர் எனக்கென்று கொடுத்த வசனம் என்று பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள். கண் கலங்கி நின்று படிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் எடுக்கும்போது என் கண் முதலில் போவது வசனத்துக்கு அல்ல, ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா என்பதற்கு.

தொழில் புத்தி என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஆண்டவர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு நாற்பது வயசு தாண்டித்தான் உறைத்தது.

ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம். மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோயிலின் 192 அடி கோபுரத்தைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பல தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். தொட்டில் பிள்ளையில் ஞானஸ்நானம், அப்புறம் ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு. எனக்கு பேஸ் குரல், அதாவது ராகத்துக்கு அடியில் ஓடும் கனத்த குரல். பதினோரு வருஷம் பாடகர் குழு செயலாளர். கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பேசுவது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மைக் பிடிப்பது, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலக் கூட்டங்களுக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பது எல்லாம் நான்தான். "உனக்கு ஆண்டவரைத் தெரியுமா?" என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அவர் வீட்டுக் கல்யாணத்தில் இத்தனை வருஷமாகப் பந்தி பரிமாறுகிறவன் நான். ஆனால் பந்தி பரிமாறுகிறவனுக்கு வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை. சிலருக்கு அதுவே வசதி.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு. கோயில் பூட்டியாகிவிட்டது. கல்யாணங்கள் தள்ளிப்போயின, கன்வென்ஷன் போஸ்டர் கிடையாது, சபையாகச் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு நோட்டீஸ் கிடையாது. பிரஸ்ஸில் இரண்டு பையன்கள், அவர்களுக்குச் சம்பளம். புது மெஷினுக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல். வங்கியில் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள், வட்டி தள்ளிப்போகவில்லை.

குருத்தோலை ஞாயிறு குருத்தோலை இல்லாமல் போனது. பெரிய வெள்ளி ஏப்ரல் 10. பகல் 12 முதல் 3 வரை வழக்கமாக இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் நடுவே பாடகர் குழு நின்று பாடுகிற நாள். அன்றைக்கு ஹாலில் டிவியில் யூடியூப் ஓடியது. நான் லுங்கியோடு சோபாவில் உட்கார்ந்து பேஸ் மட்டும் பாடினேன். ராகத்தைப் பாட ஆள் இல்லாமல் பேஸ் தனியாக எப்படி இருக்கும் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும். நாலு வரிக்கு மேல் போகவில்லை.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில், "நீங்க பண்ணுங்க" என்றாள் மனைவி. கண்ணை மூடி ஆரம்பித்தேன். "அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரலோகப் பிதாவே, இம்மட்டும் எங்களைக் கண்மணி போலக் காத்து வழிநடத்தி வந்த உம்முடைய தயவுக்காக ஸ்தோத்திரம்…" பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்பது வயசு மகள் என்னோடு சேர்ந்து அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிண்டல் இல்லை, கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்வது போல. ஆமென் சொன்ன பிறகு கேட்டாள்: "அப்பா, இது நேத்து பண்ணுன ஜெபம்லா?"

மனைவி அவளை அதட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மட்டுமா, பதினோரு வருஷமாக அதே ஜெபம்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலையில் பிரஸ்ஸைத் திறந்தேன். ஆஃப்செட் மெஷினை மாதக்கணக்கில் சும்மா போட்டுவிட்டால் ரோலர் கெட்டுவிடும். கழுவி, துடைத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு வரலாம் என்று போனேன். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனசில்லை. பேப்பர் ரீம் அடுக்கின்மேல் உட்கார்ந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தது. 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்ற வசனத்தை எத்தனை போஸ்டரில் அடித்திருக்கிறேன்! சரி, இதைவிட நல்ல அறைவீடு எங்கே கிடைக்கப்போகிறது என்று ஜெபம்பண்ண ஆரம்பித்தேன்.

"அன்பும் இரக்கமும் உள்ள எங்கள்…"

அங்கேயே நின்றது. கேட்க ஆள் இல்லை. 'எங்கள்' என்று சொல்லக் கூட்டம் இல்லை. நாக்கு தானாக ஓடத் தயாராக இருந்தது, எனக்குத்தான் அதை ஓடவிட வெட்கமாக இருந்தது. எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில் வாயில் வந்தது இவ்வளவுதான்: "பயமா இருக்கு. என்ன செய்யன்னு தெரியல. நீரு இருக்கீரா இல்லியான்னும் தெரியல."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பதினோரு வருஷச் செயலாளர் சொல்கிற பேச்சா இது? ஆனால் அடிமனசில் ஒன்று பட்டது. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை இதுதான்.

அந்த 'நீரு' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் பைபிளில் ஆண்டவரை 'நீர்' என்றுதான் அழைக்கிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது 1871-இல் வந்த மொழிபெயர்ப்பின் தமிழ். சென்னையில் இருக்கும் என் மனைவியின் சொந்தக்காரர்களுக்கு 'நீர்' என்பது பைபிளிலும் ராஜா ராணி சினிமாவிலும் மட்டும் வருகிற சொல். எங்கள் பக்கம் அப்படி இல்லை. பிரஸ்ஸுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். "வே, நீரு நேத்து எங்க போனீரு? உம்மத் தேடி ஒரு ஆளு வந்துட்டுப் போச்சு." அதில் மரியாதை உண்டு, உரிமையும் உண்டு. கடன் கேட்கலாம், சண்டை போடலாம், மறுநாள் காலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். அதே சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆண்டவரிடம் ஏதோ கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதுகிறவன் போலப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெபத் தமிழே பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆச்சி பைபிளைத் தவிர வேறு புத்தகம் படித்தவள் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு நார்க்கட்டிலில் உட்கார்ந்து 'கிருபையாய்', 'இரக்கமாய்' என்று அவள் ஜெபிப்பது அவளுடைய சொந்தத் தமிழ். நடுவிலேயே "என் ராசாவே" என்று அழுவாள், பேரன் பேத்திகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, கடைசியில் சினை மாட்டையும் சேர்த்துக்கொள்வாள். எனக்கு அந்தத் தமிழ் ஆச்சியிடம் இரவல் வாங்கிய சட்டை. போட்டுக்கொண்டு மேடையில் நிற்கலாம், அவ்வளவுதான்.

அன்றைக்கு எழுந்து வரும்போது கட்டிங் மெஷின் அடியில் கிடந்த கழிவுக் குவியலில் போன டிசம்பர் அட்டை ஒன்று கிடைத்தது. நிறம் விலகிப்போனதால் தள்ளியது. எரேமியா 29:11. அவர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். எங்கள் பிரஸ்ஸில் அதிகம் அடித்த வசனம் எது என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை நான் படித்ததே கிடையாது. வீட்டுக்குப் போய்ப் படித்தேன்.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். அட்டையில் போடும் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. உடனே திரும்பி வந்துவிடுவீர்கள் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், அந்த ஊருக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதுகிறார். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாருமே ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் அது வாக்குத்தத்தம். 24 அட்டைக்குள் அடங்க வேண்டுமென்று நாங்கள் ஓரத்தை வெட்டியபோது, அந்த 70 வருஷமும் ஓரத்தோடு போய்விட்டது.

அதிலிருந்து வசனம் படிப்பதை நிறுத்தினேன். அதாவது, வசனமாகப் பொறுக்குவதை. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். ஒரு மத்தியானத்தில் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். சிறு வயசிலிருந்து துண்டு துண்டாகத் தெரிந்த கதைதான், ஆனால் சேர்த்துப் படித்தபோது சீஷர்கள் எவ்வளவு மண்டுகளாக இருந்தார்கள், அவர்களை வைத்துக்கொண்டு இயேசு எவ்வளவு பாடுபட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

சங்கீதத்தை நாளைக்கு ஒன்று என்று எடுத்தேன். 150 சங்கீதத்துக்கு ஐந்து மாதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13-ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பில் கேட்கிறது. அது போகப் போகத் தெளிந்து, பாட்டில் முடிகிறது. 88 அப்படித் தெளிவதே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. இத்தனை வருஷத்தில் 88-ஐ அட்டையில் போடச் சொல்லி ஒரு சபையும் ஆர்டர் கொடுத்ததில்லை. ஆனால் அதை பைபிளை விட்டு யாரும் எடுத்தும் போடவில்லை பாருங்கள். பிரஸ்ஸில் நான் உளறியதைவிடக் கடுமையாக இவர்கள் பேசியிருக்கிறார்கள்.

தினமும் என்ன செய்தீர்கள் என்று பாடகர் குழுவில் ஒரு பையன் கேட்டான். பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பிரஸ்ஸை வழக்கத்தைவிட இருபது நிமிஷம் முன்னதாகத் திறப்பேன். விடியற்காலை நாலு மணி எல்லாம் எனக்கு ஒத்துவராது. முயற்சி பண்ணி ரீம் அடுக்கிலேயே தூங்கிப்போயிருக்கிறேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். ஒரு சங்கீதம், சத்தமாக. அப்புறம் பேச்சுத் தமிழில், மனசில் என்ன இருக்கிறதோ அதை மட்டும். நன்றி வராவிட்டால் நன்றி சொல்வதில்லை. கழிவுத் தாளில் தைத்த ஒரு பேடில் தேதி போட்டு நாலு வரி எழுதுவேன். எழுதுவதில் ஒரு லாபம் உண்டு: மூன்று நாள் தொடர்ந்து ஒரே ஆளைப் பற்றிக் குறை எழுதியிருந்தால், தப்பு அந்த ஆளிடம் மட்டும் இல்லை என்று நமக்கே தெரிந்துவிடும். கடைசியில் ஐந்து நிமிஷம் சும்மா இருப்பேன். அதுதான் கஷ்டம். பில், பாக்கி, பிளேட் விலை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வருவதை விரட்டாமல், "இதுவும் இருக்கு, பாரும்" என்று காட்டிவிட்டு இருக்கப் பழகினேன்.

காதில் குரல் எதுவும் கேட்கவில்லை. உடம்பு சிலிர்க்கவில்லை. முதல் இரண்டு மாதம் எதிர்ச்சுவரில் பந்தடிப்பது போலத்தான் இருந்தது. கூட்டங்களில் சாட்சி கேட்டுக் கேட்டு, ஆண்டவரோடு உறவு என்றால் ஏதாவது நடக்க வேண்டும் என்று நமக்கு ஒரு எதிர்பார்ப்பு. எனக்கு நடந்தது வேறு. நான் கேட்காத ஒன்று மேலே வர ஆரம்பித்தது.

2014-இல் அப்பா தவறியபின் பிரஸ்ஸைப் பாகம் பிரித்தோம். தம்பி கோயம்புத்தூரில் வேலையில் இருந்ததால் பிரஸ்ஸை நான் எடுத்துக்கொண்டு அவன் பங்கைப் பணமாகக் கொடுப்பது என்று பேச்சு. கணக்கு எழுதியது நான். பழைய மெஷின் அன்றைக்கு நாலரை லட்சத்துக்குப் போகும். நான் மூன்று லட்சம் என்று எழுதினேன். தம்பி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்குப் போன், நல்லது கெட்டதுக்கு வருகை, அவ்வளவுதான். 'அவன் மாறிவிட்டான்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மை பேசுவது என்று உட்கார்ந்துவிட்டால், எந்த உண்மையைப் பேசுவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது போலிருக்கிறது. ஜூன் மாதம் பூராவும் அந்தப் பேடில் 'மெஷின்' என்று ஒரு சொல் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. கோயில் பூட்டியிருக்கிறது, பலிபீடமும் இல்லை காணிக்கையும் இல்லை என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். கடன் இருக்கிற நேரத்தில் இது வேறா என்றும் கேட்டுப் பார்த்தேன். அப்பா ஏதாவது மழுப்பினால் டீக்கடை அண்ணாச்சி பதில் சொல்லாமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருப்பார். அந்த மாதிரி ஒரு மௌனம்.

ஆகஸ்ட் முதல் வாரம் தம்பிக்குப் போன் பண்ணினேன். பாதி சொல்லும்போதே அவன், "அது எனக்கு அப்பவே தெரியும்ணே. மெஷின் வெலய விசாரிக்க ஒரு போன் போதும்லா. நீங்க எப்ப சொல்லுவியன்னுதான் இருந்தேன்" என்றான். 'பரவாயில்லண்ணே, வச்சுக்கிடுங்க' என்பான் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் சொல்லவில்லை. வித்தியாசத்தில் பாதி 75,000 ரூபாய். மாதம் ஐயாயிரமாக பதினைந்து மாதத்தில் கொடுத்தேன். சினிமாவில் வருவது போல நாங்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. இன்றைக்கும் அவனோடு பேச்சு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் ரீம் அடுக்கில் உட்காரும்போது ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சபைகளில் சொல்லக் கூச்சப்படுகிறோம். அந்த மே மாதத்தில் மூன்று வாரம் சரியான தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு. விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் இப்படி என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டேன். மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் ஜெபத்தில் ஒழுங்காக உட்காரவே முடிந்தது. ஆண்டவரைத் தேடுகிறேன் என்று டாக்டரைத் தவிர்க்காதீர்கள்.

கடன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அற்புதம் நடக்கவில்லை. புது மெஷினை விற்றுத்தான் கடனை அடைத்தேன். பழைய மெஷினோடு, ஒரு பையனோடு பிரஸ் ஓடுகிறது. மற்றவனுக்கு வேறு இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தேன். சாட்சிக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டு விழாது.

அந்தச் சமயத்தில் ஒரு வேலையாகக் களக்காடு போனவன், அப்படியே டோனாவூருக்கும் போனேன். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் டோனாவூரில் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! பழையபடி எழுந்து நடமாடவில்லை, படுக்கையில் இருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்றதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது. அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் பொறித்திருக்கிறது. அச்சுக்காரன் கண்ணுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் கோயில் திறந்தார்கள். நான் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன்; கோபித்துக்கொண்டு அல்ல. பேஸ் இன்னும் பாடுகிறேன். ஆராதனையில் ஜெபிக்கச் சொன்னால் இப்போதும் அந்தப் பழைய தமிழ்தான் வருகிறது, பத்துப் பேருக்காகப் பேசும்போது பொதுவான தமிழ் வேண்டியிருக்கிறது. ஆனால் தினமும் தனியாகப் பேசுகிறவன் பொதுவில் பேசும்போது சுருக்கமாக முடித்துவிடுகிறான். இதை மகளே கவனித்துச் சொன்னாள். வீட்டு ஜெபத்தில் இப்போது சுற்று வைத்திருக்கிறோம். அவள் முறை வரும்போது கணக்கு டீச்சரைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்வாள். நாங்கள் ஆமென் சொல்வோம்.

ஒன்றில் மட்டும் நான் இப்போது ரொம்ப ஜாக்கிரதை. "ஆண்டவர் என்னிடம் சொன்னார்" என்று யாராவது வந்து அடுத்தவர் வாழ்க்கைக்கு முடிவு சொன்னால் தள்ளி நிற்கிறேன். என் அனுபவத்தில் அவர் பேசியதெல்லாம் என் கணக்கைப் பற்றித்தான். அடுத்தவன் கணக்கை ஒரு தடவைகூட என்னிடம் எடுத்ததில்லை. மனசில் ஒன்று தோன்றினால் எங்கள் பழைய உபதேசியாரிடம் போய்ச் சொல்வேன். எண்பது வயசைத் தாண்டியவர், காது மந்தம். இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்லும்போதே பாதி யோசனைகள் எனக்கே அபத்தமாகக் கேட்டுவிடும்.

போன மாதம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு ஆர்டர் அனுப்பினான். கோயம்புத்தூரில் வீடு கட்டி முடித்திருக்கிறான், பிரதிஷ்டைக்கு 200 அழைப்பிதழ் வேண்டுமாம். 'வசனம் நீங்களே பாத்துப் போடுங்கண்ணே' என்று ஒரு மெசேஜ். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: 'ரேட் கரெக்டா போடுங்க.' கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

எந்த வசனம் என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, மூன்று அதிகாரம் படித்துப் பார்த்தாகிவிட்டது. பில்லை மட்டும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.